குளிர்காற்றும் நாற்றமும்

காஞ்சிபுரம் கோயில்களாலும் பட்டினாலும் புகழ்பெற்ற நகரமாகும். பல்லவர் எழுப்பிய கயிலாசநாதர் கோயிலின் சிற்பங்களைக் காண விழைவோரும், ஏகாம்பரநாதரையும் காமாட்சியம்மையையும் வரதராசப் பெருமாளையும் வழிபட விரும்புவோரும், திருமணத்துக்குக் கூறைப்பட்டு வாங்குவோரும் ஆண்டு முழுவதும் அந்நகரை நாடி வருகின்றனர். முற்காலத்தில் மாட்டு வண்டியிலும் பின்னர்ப் புகைவண்டியிலும் வந்த மக்கள், இக்காலத்தில் குளிர்சாதனம் பொருத்திய கார்களிலும் வருகின்றனர். அக்கார்களுட் பல, காஞ்சிபுர மாவட்டத்தைச் சேர்ந்த இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு முதல் கார்களை ஆக்கிவரும் தொழிற்சாலையிலேயே பிறந்தவை.

ஐப்பசித் திங்களில் ஒரு குடும்பத்தார் சென்னையிலிருந்து வாடகைக் கார் ஒன்றில் காஞ்சிக்குப் புறப்படுவதாகக் கொள்வோம். வழி ஏறத்தாழ 75 கிலோமீட்டர். வெளியே அடைமழை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஓட்டுநர் குளிர்சாதனத்தை இயக்குகின்றார். இயக்கிய அந்நொடியே பழைய ஈரத்துணியின் முடைநாற்றம் போன்ற ஒன்று காருக்குள் பரவுகின்றது. பாட்டியார் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்கின்றார். ஈளை நோயுள்ள சிறுவன் இருமத் தொடங்குகின்றான். ஓட்டுநரோ, “எனக்கு ஒன்றும் தெரியவில்லையே அம்மா” என்று வியக்கின்றார். பின்னர் நறுமண நீரைச் சிறிது தெளிக்கின்றார். மணமும் நாற்றமும் கலந்து முன்னிலும் மிகுந்த தொல்லை விளைகின்றது.

இந்நாற்றம் எங்கிருந்து வந்தது? ஓட்டுநருக்கு மட்டும் அது தோன்றாமற் போனது ஏன்? அதனைப் போக்கும் வழி யாது? இவற்றை முறையாக ஆராய்வோம்.

நாற்றம் என்னும் சொல்லின் வரலாறே சுவை மிக்கது. இக்காலத்தில் அது தீய வாடையை மட்டும் குறிக்கின்றது. பண்டைத் தமிழிலோ அது மணம் என்னும் பொதுப் பொருளைத் தந்தது. மலரின் நறுமணத்தையும் சான்றோர் நாற்றம் என்றே வழங்கினர். திருவள்ளுவரும் ஐம்புலன்களை எண்ணுமிடத்து இச்சொல்லையே ஆண்டுள்ளார். தொல்காப்பியர் உயிர்களை அறிவின் வகையால் பகுக்கும்போது, தொடுதல், சுவைத்தல் ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாம் அறிவாக முகர்தலை வைத்து, கறையானையும் எறும்பையும் மூவறிவுயிர்களுக்கு எடுத்துக்காட்டாகக் கூறினார். கண்ணும் காதும் அறிதற்கு முன்னரே இடர் வருவதை உணர்த்தும் காவலனாக மூக்கு விளங்குவதை நாம் அன்றாட வாழ்வில் காண்கின்றோம். அடுப்பில் பால் தீய்வதை அடுத்த அறையில் இருப்பவருக்கு அறிவிப்பது மூக்கேயன்றோ?

ஆயினும் இக்காவலனுக்கு ஒரு குறை உண்டு. ஒரே மணத்தில் நெடுநேரம் இருப்பின் மூக்கு அதற்குப் பழகிவிடுகின்றது. பூக்கடையில் இருப்பவர் மல்லிகை மணத்தை உணர்வதில்லை. தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்பவர் அவ்விடத்து வாடையை உணர்வதில்லை. நாள்தோறும் அக்காரிலேயே வாழும் ஓட்டுநர் நாற்றத்தை உணராததற்கும் இதுவே காரணம். அவர் பொய் கூறவில்லை. அவருடைய மூக்கு ஓய்ந்துவிட்டது. ஆகவே, காரில் புதிதாக ஏறுவோர் கூறும் சொல்லை உடையவர் குற்றமாகக் கொள்ளாது, உதவியாகக் கொள்ளுதல் வேண்டும்.

இனி, குளிர்சாதனத்தின் தோற்றத்தைச் சிறிது காண்போம். அமெரிக்காவில் புரூக்ளின் என்னும் இடத்தில் ஓர் அச்சகம் இருந்தது. காற்றின் ஈரம் கூடியும் குறைந்தும் வந்தமையால் அங்கே தாள்கள் விரிந்தும் சுருங்கியும் வண்ண அச்சு நிலைபெயர்ந்தது. அக்குறையைப் போக்க 1902ஆம் ஆண்டில் வில்லிஸ் கேரியர் என்னும் இளம் பொறியியலாளர் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பொறியை வகுத்தார். 1906ஆம் ஆண்டில் ஸ்டூவர்ட் கிரேமர் என்னும் நெசவாலைப் பொறியியலாளர், ஆலைகளில் நூல் அறாதிருக்கக் காற்றைப் பதப்படுத்தும் முறைக்கு ‘ஏர் கண்டிஷனிங்’ என்று பெயரிட்டார். எனவே, இன்று உலகெங்கும் வழங்கும் அப்பெயர் நெசவுத் தொழிலை ஒட்டிப் பிறந்தது என்பது அறிந்து மகிழத்தக்கது. காரினுள் குளிர்சாதனத்தை முதலில் பொருத்தி விற்றது பேக்கார்டு என்னும் அமெரிக்க நிறுவனம், ஆண்டு 1939. அக்கருவியை நிறுத்த வேண்டுமாயின், வண்டியை நிறுத்தி, இறங்கி, எந்திரத்தின் வாரைக் கழற்ற வேண்டியிருந்ததாம்!

காற்றின் ஈரத்துக்கும் நூலுக்கும் உள்ள தொடர்பைக் காஞ்சி நெசவாளர் எந்நூலையும் படியாமலே நன்கு அறிந்திருந்தனர். பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் தரையைத் தோண்டி அமைத்த குழித்தறியில், கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை மிதித்து அவர்கள் நெய்வர். கோடையில் குழியின் ஈரம் பாவு நூல் வறண்டு அறாமல் காக்கும். மழைக்காலத்திலோ அவ்வீரமே பகையாகும். குழியில் நீர் ஊறும், தெருவில் பாவை நீட்டி ஆற்ற இயலாது, தறி ஓய்ந்திருக்கும். ஆக, ஈரம் அளவோடு இருப்பின் துணை. அளவு மிஞ்சின் இடர். காரின் குளிர்சாதனத்தில் விளையும் நாற்றத்துக்கும் அளவு மிஞ்சிய ஈரமே அடிப்படை என்பதை இனிக் காண்போம்.

மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. அதனால் உள்ளிருக்கும் நீர் குளிர்கின்றது. நீர்மம் ஆவியாகுங்கால் வெப்பத்தைக் கவரும் என்னும் இவ்வுண்மையே குளிர்சாதனத்துக்கும் அடிப்படையாகும். காரின் எந்திரத்தால் இயங்கும் கம்ப்ரசர் ஒருவகைக் குளிர்பொருளை அழுத்துகின்றது. அழுத்தமுற்ற ஆவி, காரின் முன்புறத்துள்ள குழாய்த் தொகுதியில் தன் வெப்பத்தை வெளியே விட்டு நீர்மமாகின்றது. பின்னர் அது ஒரு நுண்துளை வழியே விரிந்து, முகப்புப் பலகையின் பின்னால் மறைந்திருக்கும் மற்றொரு குழாய்த் தொகுதியில் மீண்டும் ஆவியாகின்றது. இப்பகுதியை ஆவியாக்கி என்பர் நூலோர். கூலிங் காயில் என்பர் பணிமனைத் தொழிலாளர். இங்கே ஆவியாகும் குளிர்பொருள் சுற்றியுள்ள வெப்பத்தைக் கவர்வதால், காயில் மிகவும் குளிர்ந்துவிடுகின்றது. விசிறி அதன் மீது காற்றைச் செலுத்த, அக்காற்று குளிர்ந்து நம்மை வந்து அடைகின்றது.

குளிர்ந்த மோர் நிறைந்த செம்பின் வெளிப்புறத்தில் முத்து முத்தாக நீர்த்துளிகள் அரும்புவதை யாவரும் கண்டிருப்பர். அந்நீர் செம்பிலிருந்து கசிந்ததன்று. காற்றிலுள்ள நீராவியே குளிர்ந்து நீராயிற்று. அவ்வாறே குளிர்ந்த காயிலின் மீதும் நீர் படிகின்றது. அதன் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 30 பாகை வெப்பமுள்ள ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கவல்லது. அதே காற்று 10 பாகைக்குக் குளிர்ந்தால் 9 கிராமுக்குச் சற்று மிகுதியாக மட்டுமே தாங்கும். மழைநாளில் ஈரப்பதம் 80 விழுக்காடு எனக் கொண்டால், ஒவ்வொரு கனமீட்டர் காற்றிலும் 24 கிராம் நீராவி இருக்கும். அது காயிலைக் கடக்கும்போது 10 பாகைக்குக் குளிருமாயின், ஏறத்தாழ 15 கிராம் நீரை அங்கேயே விட்டுச் செல்லும். இவ்வாறு சொட்டும் நீர் ஒரு தட்டில் சேர்ந்து, மெல்லிய குழாய் வழியே காரின் அடியில் ஒழுகி வெளியேறுகின்றது. நின்றிருக்கும் காரின் கீழே சிறு நீர்த்தேக்கத்தைக் கண்டு, கார் பழுதுற்றதோ என்று அஞ்சுவோர் சிலர் உளர். வாடையும் நிறமுமற்ற தூய நீராயின் அஞ்ச வேண்டுவதில்லை. நீர் ஒழுகுவதே நன்மைக்கு அறிகுறி.

காயிலில் அலுமினியத் தகடுகள் தறியின் அச்சுப் பற்களைப் போல நெருங்கி அமைந்துள்ளன. அவற்றின் இடையே ஈரம் தங்குகின்றது. தெருப்புழுதியும், மலர்த் தூளும், ஆடைகளின் நூல் துணுக்கும் காற்றோடு வந்து அவ்வீரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. காரை நிறுத்தியபின் காயிலின் குளிர்ச்சி நீங்கி இளவெப்பம் ஏறுகின்றது. இருளும் ஈரமும் இரையும் இளவெப்பமும் ஓரிடத்தில் கூடினால், பூஞ்சைக்கும் நுண்ணுயிர்க்கும் அதைவிட நல்ல விளைநிலம் வேறு வேண்டுமோ? அவை பெருகி வெளியிடும் பொருள்களே முடைநாற்றமாக நம் மூக்கை அடைகின்றன.

முதல் மழையில் எழும் மண்மணத்தை நாம் அனைவரும் விரும்புகின்றோம். அம்மணத்துக்குக் காரணமான பொருள்களுள் ஜியோஸ்மின் ஒன்று. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை ஆக்குகின்றன. காற்றில் ஓர் இலட்சம் கோடிப் பங்கில் சில பங்கே கலந்திருப்பினும் மனிதனின் மூக்கு அதனை உணரும். இத்தகைய நுண்ணுயிர்களின் இனத்தவை திறந்த வெளியில் எழுப்பும் மணம் இன்பமாகவும், அடைத்த காருக்குள் எழுப்பும் மணம் துன்பமாகவும் இருப்பதற்கு இடமும் அளவுமே காரணம்.

இந்நாற்றம் மூக்குக்கு மட்டுமே தொல்லை என்று எண்ணுதல் தவறு. பூஞ்சையின் நுண்விதைகள் காற்றோடு கலந்து மூச்சுக்குழலை அடையும்போது, ஈளை நோயுள்ளோர்க்கும் ஒவ்வாமையுள்ளோர்க்கும் இருமலும் மூச்சுத் திணறலும் உண்டாகலாம். ஆகவே, ஐப்பசி மழையில் அச்சிறுவன் இருமியது பிடிவாதத்தால் அன்று. பெரிய கட்டடங்களின் குளிர்சாதன நீர்த்தொட்டிகளைப் பேணாது விட்டால் விளையும் கேடு இதனினும் பெரிது. 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து விடுதி ஒன்றில் கூடிய முன்னாள் படைவீரர் பலர் ஒருவகைக் கடும் நுரையீரல் நோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். நீரில் வளரும் ஒரு நுண்ணுயிரே அதற்குக் காரணம் என்று மறு ஆண்டில் அறிவியலார் கண்டறிந்தனர். காரின் குளிர்சாதனம் அத்தகையதன்று. எனினும், காற்றைத் தரும் கருவி எதுவாயினும் அதனைத் தூய்மையாகப் பேணல் இன்றியமையாதது என்பதை அந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்தியது.

நாற்றத்தைப் போக்கும் வழிகளை இனி வரிசையாகக் காண்போம்.

முதற்கண், நாற்றம் காயிலிலிருந்துதான் வருகின்றதா என்று தெளிதல் வேண்டும். இருக்கையின் அடியில் சிந்திய பாலும், கோயிலில் பெற்ற காஞ்சிபுரம் இட்டிலியின் நெய் கசிந்த இலையும், வாடிய மாலையும் மறந்து கிடக்கக் கூடும். அவற்றை அகற்றி, கால்மிதிகளை வெளியே எடுத்து, வெயிலில் நன்கு உலர்த்துதல் வேண்டும். சில வேளைகளில் எலி புகுந்து காற்று வழியில் இறந்து கிடப்பதும் உண்டு. அழுகல் நாற்றம் வீசின் அவ்விடத்தையும் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, வடிகட்டியைக் கவனித்தல். காருக்குள் செல்லும் காற்று மடிப்பு மடிப்பான தாள் போன்ற ஒரு வடிகட்டி வழியே செல்கின்றது. பல கார்களில் அது முன்னிருக்கையின் எதிரேயுள்ள சிறு பேழைக்குப் பின்னால் இருக்கும். புழுதி அடைந்து கறுத்த வடிகட்டி ஈரத்தை ஏற்றுத் தானே பூஞ்சைக்கு உறைவிடமாகிவிடும். காரோடு தந்த கையேடு குறிப்பிடும் காலத்தில் அதனை மாற்றுதல் வேண்டும். புழுதி மிகுந்த சாலைகளில் ஓடும் கார்க்கு அதற்கு முன்னரே மாற்றுதல் நன்று. தாள் வடிகட்டியை நீரில் கழுவி மீண்டும் இடுதல் சிக்கனம் போலத் தோன்றினும் பயனற்ற செயலாகும்.

மூன்றாவது, நீர் வெளியேறும் குழாயைப் பார்த்தல். மழைநாளில் குளிர்சாதனம் இயங்கியும் காரின் கீழே நீர் சொட்டவில்லையெனின், குழாய் அடைபட்டிருக்கக் கூடும். வெளியேற வழியற்ற நீர் தட்டில் தேங்கும். சில வேளைகளில் முன்னிருக்கையின் கால்விரிப்பையும் நனைக்கும். அடைப்பை நீக்காமல் பிற எதனைச் செய்யினும் நாற்றம் மீண்டும் வரும்.

நான்காவது, காயிலைத் தூய்மை செய்தல். இதற்கென நுரை வடிவான மருந்துகள் உள்ளன. அவற்றைக் காயிலின் மீது செலுத்தினால், நுரை அழுக்கைக் கரைத்து நீர்க்குழாய் வழியே வெளியேறும். இதனைப் பணிமனையில் பழகிய தொழிலாளரைக் கொண்டு செய்வித்தலே சிறந்தது. அவ்வேளையில் காரில் எவரும் அமர்ந்திருத்தல் ஆகாது. கதவுகளும் திறந்திருத்தல் வேண்டும்.

ஐந்தாவது, நாற்றம் மீண்டும் வாராமல் காத்தல். இதற்குப் பொருட்செலவு சிறிதும் இல்லை. சேருமிடத்தை அடைவதற்கு ஐந்து நிமிடங்கள் முன்னர்க் குளிர்சாதனத்தை மட்டும் நிறுத்தி, விசிறியை ஓடவிட வேண்டும். அப்போது குளிரூட்டப்படாத காற்று காயிலின் மீது வீசி, அதிலுள்ள ஈரத்தின் பெரும்பகுதியை உலர்த்திவிடும். மேலும், உள்ளிருக்கும் காற்றையே எப்போதும் சுழலவிடாது, இடையிடையே வெளிக்காற்று புகும்படி விசையைத் திருப்புதல் வேண்டும். நெய்து முடித்த சேலையை ஈரத்தோடு மடித்து வைக்கும் நெசவாளர் எவரும் இலர். அதுபோலவே, காயிலையும் ஈரத்தோடு அடைத்து வைத்தல் தகாது.

நறுமண நீரைத் தெளித்தல் நாற்றத்தைப் போக்காது, மறைக்கவே செய்யும். மறைத்த குற்றம் வளருமேயன்றிக் குறையாது. மேலும், சில நாற்றங்கள் மறைக்கத் தகாதவை, அவை எச்சரிக்கைகள். இனிப்பு வாடை வீசினால், எந்திரத்தைக் குளிர்விக்கும் நச்சு நீர்மம் கசிகின்றது எனலாம். கருகல் வாடை மின்கம்பியோ வாரோ தீய்வதைக் காட்டும். பெட்ரோல் வாடை தீவிபத்துக்கு முன்னறிவிப்பு. புகைவாடையோ கழிவுப் புகை உள்ளே நுழைவதை அறிவிக்கும். இவற்றுள் எது தோன்றினும் வண்டியை ஓரமாக நிறுத்தி, எந்திரத்தை அணைத்து, அனைவரும் இறங்கிவிடுதலே அறிவுடைமை.

இவை எல்லாவற்றினும் கொடியது, நாற்றமே இல்லாத ஒன்று. கழிவுப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் பிணைகின்றது. அதனால் உடலுக்கு உயிர்க்காற்று கிட்டாமற் போகின்றது. முதலில் தலைவலியும் மயக்கமும் தோன்றும். உறங்குபவர்க்கு அதுவும் தெரியாது.

நாம் முன்னர்க் கண்ட குடும்பத்தார் காந்தி சாலையில் உள்ள பட்டுக்கடைக்குள் சென்றுவிடுகின்றனர். மணப்பெண்ணுக்கு ஏற்ற நிறமும், கோர்வைக் கரையும், சரிகையும் தேர்ந்தெடுத்து முடிவதற்கு மூன்று மணி நேரம் ஆகலாம். வைகறையில் எழுந்து வண்டியோட்டி வந்த ஓட்டுநருக்கு உறக்கம் வருகின்றது. அவர் கண்ணாடிகளை ஏற்றி, எந்திரத்தையும் குளிர்சாதனத்தையும் ஓடவிட்டுக் கண்ணயர்கின்றார். கழிவுக் குழாயில் ஒரு சிறு வெடிப்பு இருப்பினும், அடைபட்ட வண்டிக் கொட்டகையில் கார் நிற்பினும், அவ்வுறக்கமே இறுதி உறக்கமாகிவிடக் கூடும். இவ்வாறு உயிரிழந்தோர் பலர். அங்கே மூக்கு என்னும் காவலனால் பயனில்லை. அறிவு என்னும் காவலனே துணை. ஆகவே, நிற்கும் காரில் இளைப்பாற விரும்புவோர் எந்திரத்தை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, நிழலிலே காற்றோட்டமாக அமர்தல் வேண்டும். அழைத்து வந்தவர்களும் ஓட்டுநர் இளைப்பாறத் தக்க இடத்தைத் தேடித்தருதல் கடமையாகும்.

மாலையில் குடும்பத்தார் பட்டுடன் திரும்புகின்றனர். பட்டு, புழுவின் வாயினின்று பிறந்த புரத இழை. காற்றின் ஈரத்தை எளிதில் ஏற்பது. இயல்பான நிலையிலேயே தன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 11 விழுக்காடு ஈரத்தை அது தாங்கி நிற்கும். முடைநாற்றம் வீசும் நனைந்த கால்விரிப்பின் மீது அதனை வைத்தால், ஈரத்தோடு நாற்றத்தையும் ஏற்றுக்கொள்ளும். வெள்ளிச் சரிகையும் ஒளி மங்கும். பல நாள் உழைப்பால் நெசவாளர் ஆக்கிய சேலையைச் சில நாழிகைப் பயணம் கெடுத்துவிடலாகாது. பருத்தித் துணியில் சுற்றி, உலர்ந்த இருக்கையின் மீது வைத்தலே முறை.

காஞ்சி நெசவாளரின் பழைய வீடுகளில் நடுவே வானம் பார்த்த முற்றம் இருக்கும். வாயில் வழியே புகும் காற்று முற்றத்தின் வழியே மேலெழுந்து செல்லும். வெயிலும் உள்ளே வந்து ஈரத்தை உலர்த்தும். காற்றுக்கு வரும் வழியும் போகும் வழியும் வேண்டும் என்பதை அம்முன்னோர் உணர்ந்து கட்டினர். காரோ நாற்புறமும் அடைத்த சிற்றறை. அதற்கு முற்றம் இல்லை. எனவே அதனைப் பயன்படுத்துவோரின் அறிவும் கவனமுமே முற்றமாதல் வேண்டும்.

பொறிகள் நமக்கு இன்பம் தருகின்றன. ஆனால் தம்மைத் தாமே தூய்மை செய்துகொள்வதில்லை. வடிகட்டியை மாற்றுதலும், நீர்வழியைத் திறந்து வைத்தலும், ஐந்து நிமிடம் முன்னதாகக் குளிர்சாதனத்தை நிறுத்துதலும் மிகச் சிறிய செயல்களே. அச்சிறு செயல்கள், இருமும் சிறுவனுக்கு நல்ல மூச்சையும், முதியோர்க்கு இனிய பயணத்தையும், ஓட்டுநர்க்குப் பயணியரின் நம்பிக்கையையும் அளிக்கின்றன. குற்றம் தோன்றும்போது அதனை நறுமணத்தால் மூடாமல், அதன் வேரைத் தேடிக் களைவதே எக்காலத்துக்கும் ஏற்ற நல்வழியாகும்.